எஞ்சினுக்குள் ஒரு மஞ்சக் கயிறு

நீங்க இந்தப் பையவே பாக்கறீங்க. சத்தி ஸ்டேண்டுல ஏறுனதுல இருந்து நானும் கவனிச்சுட்டுத்தான் வர்றனுங்க. மடியில என்னன்னு கேட்டாச் சொல்லிட்டுப் போறேன், எதுக்கு ஓரக்கண்ணுல பாக்கோணும்? இரும்புங்க. வெறும் இரும்பு. கார் எஞ்சினைப் பாடியோட சேத்துப் புடிச்சு நிறுத்தற பிராக்கெட்டு. துண்டுல சுத்தி வெச்சிருக்கறேன். தொடாதீங்க. நான் சொல்லும்போது தொடலாம்.

ஈரோடுங்களா? டிக்கெட் எடுத்துட்டீங்கல்ல? கோவிச்சுக்காதீங்க, பழக்க தோசம். நான் கவர்மெண்டு பஸ்ஸுல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். நாச்சிமுத்து ஏறுறார்னாலே கண்டக்டருக பையை ஒருக்காத் தடவிப் பாத்துக்குவாங்க. நான் டிக்கெட்டை அப்பறந்தான் பாப்பனுங்க. மொதல்ல ஆளோட கழுத்தைப் பாப்பேன். டிக்கெட் இல்லாதவன் நம்மளக் கண்டதும் ஜன்னலுக்கு வெளியில ஏதோ அதிசயம் நடக்கற மாதிரி கழுத்தைத் திருப்பிக்குவான். அதா, அந்த மூணாவது சீட்டுல பச்சைச் சட்டைக்காரரு இருக்காரே... சரி, நமக்கெதுக்கு. ரிட்டையர் ஆயாச்சு.

கவர்மெண்டு பஸ்ஸுல எனக்குப் பாஸ் இருக்குதுங்க. இருந்தும் தனியார் பஸ்ஸுல டிக்கெட் எடுத்து உக்காந்திருக்கறேன். ஏன்னு கேளுங்க. அதுல ஏறுனா தெரிஞ்ச கண்டக்டர் எவனாவது, "சார், கோபியில என்னங்க சோலி"ம்பான். ஒருத்தன் காதுல போட்டாப் பொழுதுக்குள்ள டிப்போ பூராத் தெரிஞ்சிரும். அங்கிருந்து கவுந்தப்பாடிக்குப் போயிரும். போகக்கூடாது. நான் கோபியில டி.எஸ்.பி. ஆபீஸுல புகார் குடுக்கப் போறனுங்க. என்ற மாப்ள மேல. ஆமாங்க, சொந்த மாப்ள. என்ற ஒரே பொண்ணைக் கட்டுனவன்.

மூஞ்சியச் சுளிக்காதீங்க. முழுசாக் கேட்டுட்டு அப்பறம் சுளிங்க.

மாப்ள ஊரு கவுந்தப்பாடியிலேயே போலீஸ் ஸ்டேசன் இருக்குதேன்னு நெனைப்பீங்க. அந்த ஸ்டேசன் ஜீப்பு ரிப்பேருக்கு எங்க போகுது? மாப்ள ஒர்க் ஷாப்புக்கு. ஆச்சுங்களா. அதான் கோபிக்கு.

விசயம் இதுதானுங்க. என்கிட்ட ஒரு சின்னக் காரு இருக்குது. வெள்ளைக் கலரு. பழசாத்தான் வாங்குனேன், பொண்ணு பத்தாவது படிக்கையில. அதோட எஞ்சினை என்ற மாப்ள கழட்டி வெச்சுக்கிட்டு வேற எஞ்சினை வெச்சுக் குடுத்துட்டான். அதைக் கண்டுபுடிக்கறதுக்காக என்ற ஊட்டு முன்னாலயே, நானே, ஒரு மெக்கானிக்கைக் கூப்புடாம, எஞ்சினைக் கழட்டித் தூக்கிப் பாத்தனுங்க. இந்தக் கை இருக்குது பாருங்க, நகத்துக்குள்ள இன்னும் கருப்பு. சோப்புக்குப் போக மாட்டேங்குது.

மெக்கானிக்கைக் கூப்புட்டா என்னன்னு கேக்கறீங்களா? ஏனுங்க, அவங்கெல்லாம் ஒரே சங்கம். ஒரே கடையில டீ குடிக்கறவங்க.

முதல்ல இருந்து வர்றேன். கார் வாங்கி ஊட்டுக்குக் கொண்டாந்த அன்னிக்கு என்ற சம்சாரம் துளசிமணி, மாரியாத்தா கோயில்ல பூசை போட்ட மஞ்சக் கயிறு ஒண்ணு கொண்டாந்தா. வெறும் மஞ்சக் கயிறு இல்லீங்க. அவ கலியாணச் சீலையோட கரையில இருந்து ஒரு செகப்பு நூலு உருவி, அதுகூட முறுக்கியிருந்தா. அதை ரெண்டா வெட்டுனா. ஒண்ணு இந்தப் பைப் புடியில கட்டுனா. இதா, இதுதான் அது. டூட்டிக்குக் கொண்டு போற பை, இன்னும் அறுகலை. இன்னொண்ணைக் கையில வெச்சுக்கிட்டு, "எலுமிச்சம்பழம் வாங்கீட்டு வாங்க, சக்கரத்துக்கு வெக்கோணும்"னு என்னைக் கடைக்கு அனுப்பீட்டா. நான் திரும்பி வந்து பாத்தா பானெட்டு தொறந்திருக்குது, அவ முழங்கை வரைக்கும் கருப்பு மசை. "கட்டியாச்சு"ங்கறா. எங்கடி கட்டுனேன்னா, "எஞ்சினுக்கு உள்ளாற. எங்கன்னு சொல்ல மாட்டேன். சொன்னா நாளைக்கே சரியாக் கட்டியிருக்கறனான்னு செக்கிங் பண்ணுவீங்க. அது அங்க இருக்கற வரைக்கும் வண்டி உங்களைக் கொண்டாந்து ஊட்டுல சேத்திரும்"னா.

அப்படி ஒரு பொம்பளைங்க. கடைசி வரைக்கும் சொல்லலை. நானும் எத்தனையோ தடவை பானெட்டைத் தொறந்து டார்ச் அடிச்சுப் பாத்தேன், கண்ணுக்குச் சிக்கலை. ஆனா பொண்ணுக்கு மட்டும் தெரியுமாட்டமிருக்குது. கோகிலவாணின்னு பேரு. அம்மாளும் மகளும் அப்படித்தானுங்க. எப்பப் பாத்தாலும் எதுக்கெதுக்க உக்காந்துக்கிட்டுப் பழமை பேசுவாங்க, நான் உள்ள வந்தா நிறுத்திருவாங்க. வாணிக்குச் சின்னதுல இருந்தே இடது கைப் பழக்கம். கோயில்ல துண்ணூறுக்கு இடது கையை நீட்டிப் பூசாரிகிட்ட வாங்கிக் கட்டிக்குவா. மாத்திரலாம்னு நான் கூட ரெண்டு அடி வெச்சிருக்கறேன். துளசிமணி விடலை. புள்ளைக்குப் பூக்கட்டப் பழக்கையில பக்கத்துல உக்காராம எதுக்க உக்காந்துக்குவா. அவ வலது கையில பண்றதைக் கண்ணாடியில பாக்கற மாதிரி இவ இடது கையில பண்ணுவா. அம்மாளை விட மகள் வேகமாக் கட்டுவா, கடைசியில. சரி, அதை விடுங்க. அது எதுக்கு இப்ப.

போன ஆடியில துளசிமணி போயிட்டாளுங்க. காச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனா, வரலை. நான்தான் கார்ல கூட்டிப் போனேன். திரும்பி வரையில பக்கத்து சீட்டுல அவ செருப்பும் பிளாஸ்க்கும்தான் வந்துச்சு. அதுக்கப்பறம் நான் வண்டியத் தொடலை. போர்டிகோவுல நின்னுச்சு. தூசி ஏறுச்சு. டயர்ல காத்து எறங்குச்சு.

மார்கழி வாக்குல வாணியும் மாப்ளையும் வந்தாங்க. மாப்ள பேரு தரணிதரன், கவுந்தப்பாடியில சொந்தமா கார் ஒர்க் ஷாப்பு. அவங்க வெளியில நின்னு பேசுனது ஜன்னல்ல கேட்டுச்சு. நான் ஒட்டுக் கேக்கலீங்க, கேட்டுச்சு. "வண்டி இப்படியே நின்னு துருப்புடிச்சா அப்பாவும் அதுகூடத் துருப்புடிச்சிருவாரு, கொண்டு போயி சரி பண்ணிக் குடுங்க"ன்னு அவ சொல்றா. அன்னிக்கே எனக்குப் பொறி தட்டிருக்கோணும். கேக்காம ஒருத்தன் உங்க வண்டிய வந்து எடுத்துட்டுப் போறான்னா நீங்க என்னன்னு எடுத்துக்குவீங்க?

பொங்கல் கழிச்சுக் கொண்டாந்து நிறுத்துனான். சாவியைப் போட்டுத் திருப்புனனுங்க.

இருமலைக் காணம். என்ற வண்டிய ஸ்டார்ட் பண்ணுனா ஒரு இருமல் இருமும். கிழவன் காலையில எந்திரிச்சதும் இருமற மாதிரி. அப்பறம் ஒரு குலுக்கு. துளசிமணி கைய டேஷ்போர்டுல வெச்சு, "சரி சரி, எந்திரி"ன்னு சொல்லுவா, அப்பறந்தான் கெளம்பும். இது சாவியைத் திருப்புனதும் சத்தமே இல்லாம ஓடுது. நல்லாத்தானே ஓடுதுங்கறீங்களா? எல்லாரும் அதைத்தான் சொல்றீங்க. அதான் தப்பு. பதினஞ்சு வருசமா இருமுன எஞ்சின் எப்படிங்க ஒரு மாசத்துல இருமலை விடும்? மைலேஜ் வேற கூடிருச்சு. ரிப்பேருக்கு எவ்வளவுய்யான்னா, "உங்ககிட்ட வாங்குவேனுங்களா மாமா"ங்கறான். வாங்க மாட்டானாம். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்.

நம்பரைப் பாத்தீங்களான்னு கேக்கறீங்க, பரவால்ல, வெவரமான ஆளுதான். பாத்தேன். எஞ்சின் நம்பர் சரியாத்தான் இருந்துச்சு. நம்பர்ங்கறது குத்தறதுதானுங்களே. குத்துனவன் மறுபடி குத்த மாட்டானா?

அதனால ஒரு கொக்கி போட்டேன். "மாப்ள, எஞ்சினுக்குள்ள ஒரு கயிறு இருக்கோணுமே, இருக்குதா"ன்னு கேட்டேன். இல்லைன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன். எண்ணெய்ல ஊறி அறுந்திருக்கும்னு நானே சமாதானம் ஆயிருப்பேன். அவன் என்ன சொல்றான் தெரியுமுங்களா? "பத்திரமா இருக்குதுங்க மாமா." எங்கய்யான்னேன். சிரிக்கறான். "அது உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு அத்தை சொல்லியிருக்காங்களாமா. வாணி சொல்லுச்சு."

பாருங்க. கட்டுன புருசன் எனக்குத் தெரியாது. நேத்து வந்த மாப்ளைக்குத் தெரியுது. எனக்கு வயிறு எரிஞ்சுது, மறைக்கறதுக்கு என்ன இருக்குது. துளசிமணி எனக்குன்னு விட்டுட்டுப் போனது அந்த ஒரு ரகசியந்தான். அதையும் இவங்க கையில எடுத்துக்கிட்டாங்க.

அடுத்த வாரம் ஒர்க் ஷாப்புக்கே போயிட்டேன். வண்டி விட வந்தவங்க நாலு பேரு நிக்கறாங்க. "யோவ், என்ற எஞ்சின் எங்கய்யா"ன்னேன். தரணி எப்பவும் கத்த மாட்டான், அதுவே ஒரு தந்திரந்தான். "எஞ்சினைத் தாங்கற மவுண்டிங் பிராக்கெட்டு உடைஞ்சிருந்துதுங்க மாமா, அதுதான் அந்த ஆட்டம். புதுசு போட்டேன். கார்புரேட்டர் சுத்தம் பண்ணுனேன். எஞ்சின் உங்களுதுதான்"ன்னு உடைஞ்ச பழசை எடுத்துக் காட்டுனான். பழசுன்னா எல்லாப் பழசும் ஒரே மாதிரித்தான் இருக்கும். யாரோடதோ. நின்னவங்கள்ல ஒருத்தரு மெதுவா வண்டிய எடுத்துட்டுத் திரும்பிப் போயிட்டாரு. தரணி மூஞ்சி செத்துப் போச்சு.

அன்னிக்கு மத்தியானம் வாணி போன் பண்ணுனா. முழுகாம இருக்கறா, அப்ப மூணு மாசம். "அப்பா, உங்ககிட்ட இருந்து பெருசா எதையோ எடுத்துட்டுப் போயிட்டாங்கப்பா. எடுத்தது அவரு இல்ல"ன்னா. சொல்லிட்டு அழுதா. "எடுத்தது யாருன்னு உங்களுக்கே தெரியும். தெரிஞ்சா என்கிட்ட வாங்க. அதுவரைக்கும் வராதீங்க"ன்னு வெச்சுட்டா. இதுக்கு என்னங்க அர்த்தம்? எடுத்துட்டாங்கன்னு அவளே ஒத்துக்கறா பாருங்க. யாருன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறா.

அரியப்பம்பாளையம் தாண்டிருச்சுங்களா? சரி, கேளுங்க.

அப்பறந்தான் முடிவு பண்ணுனேன். நம்பர் பொய் சொல்லும், மெக்கானிக் பொய் சொல்லுவான். துளசிமணி கட்டுன முடிச்சு பொய் சொல்லாது. எஞ்சினை வெளியில எடுத்தாத்தான் கயிறு தெரியும். செல்போன்ல படம் பாத்து வேலையக் கத்துக்கிட்டேன். ஒருத்தன் மலையாளத்துல சொல்றான், ஒருத்தன் இந்தியில சொல்றான். பாஷை நமக்கெதுக்கு, கையப் பாத்தாப் போதும். பாஷை தெரியாதவன் நம்மளை ஏமாத்தவும் முடியாது.

பேட்டரியக் கழட்டுனேன். பானெட்டைக் கழட்டிச் செவுத்துல சாத்துனேன். ரேடியேட்டர் தண்ணிய எறக்கி, எஞ்சின் ஆயிலைக் குண்டாவுல புடிச்சேன். ஒவ்வொரு ஒயருக்கும் ஹோஸுக்கும் ஜோடி ஜோடியாப் பழைய டிக்கெட்டைக் கிழிச்சுக் கட்டுனேன், ஒரே நம்பர் ரெண்டு பக்கமும். என்கிட்டப் பழைய டிக்கெட்டுக் கட்டு ஏராளம். போல்ட்டெல்லாம் இட்லித்தட்டுல. குழிக்கு ஒரு எடம்: இது கிளட்ச், இது ஸ்டார்ட்டர், இது சைலென்சர். துளசிமணி போனதுக்கப்பறம் அந்தத் தட்டு சும்மாத்தான் கெடந்துச்சு. ஒருத்தனுக்கு எதுக்கு இட்லி ஊத்தறது. கழட்டறப்ப ஒரு நிம்மதி இருந்துச்சுங்க, அதையும் சொல்லோணும். காலையில எந்திரிச்சா இன்னிக்கு இதைக் கழட்டோணும்னு ஒரு சோலி இருந்துச்சு.

பக்கத்து ஊட்டு வெள்ளியங்கிரி மதிலுக்கு மேல தலைய நீட்டி நீட்டிப் பாத்துக்கிட்டே இருந்தாரு. "ஏனுங்க நாச்சிமுத்து, எஞ்சின்னா மாங்கா மூட்டைங்களா, தனியாத் தூக்கறக்கு"ன்னாரு. மறு நாளு அவரா, கிணத்து மோட்டார் தூக்கற செயின் பிளாக்கைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து நிக்கறாரு. யார் கேட்டா? எதுக்குங்க இந்த அக்கறைன்னேன். "அம்மிணி போன் பண்ணுச்சு. அப்பா எஞ்சினைக் கழட்டறாராமா, பக்கத்துல இருந்து பாத்துக்கங்க மாமான்னு சொல்லுச்சு"ங்கறாரு. ஆகா. எனக்குப் போன் பண்ண மாட்டா, பக்கத்து ஊட்டுக்குப் பண்ணுவா. வேவு. ஆனா செயின் பிளாக்கு வேணுமே. வாங்கிக்கிட்டேன்.

போர்டிகோ கூரையில கனமா ஒரு கொக்கி இருக்குதுங்க. வாணிக்கு ஊஞ்சல் கட்டறக்குக் கொத்தனார்கிட்டச் சொல்லிக் காங்கிரீட்ல வெச்சது. அதுல செயினை மாட்டி, எஞ்சினைக் கயித்துல கோத்து, பாரத்தை ஏத்திட்டு, மவுண்டிங் போல்ட்டெல்லாம் கழட்டிட்டேன். வெள்ளியங்கிரி செயினை இழுக்கறாரு. எஞ்சின் வரலீங்க. காரே மேல வருது. முன் டயர் ரெண்டும் தரைய விட்டு எந்திரிக்குது. எனக்குப் புரிஞ்சு போச்சு, மாப்ள கீழ என்னமோ கோத்து வெச்சிருக்கறான், நான் எடுக்கக்கூடாதுன்னு. சட்டுனு அடியில படுத்துத் தலைய விட்டுட்டேன். பாத்தா கியர் ராடு. அதைக் கழட்ட நாந்தான் மறந்திருக்கறேன். சரி, அதையும்... மறக்கற மாதிரி எடத்துல வெச்சிருக்கறாங்க.

அப்பப் பாருங்க, காலைப் புடிச்சு எவனோ தரதரன்னு இழுக்கறான். முதுகெல்லாம் தேய்ஞ்சு போச்சு. வெளியில வந்து விழுந்தேன், மேல கயிறு நழுவி எஞ்சின் ஒரு சாண் தொப்புனு எறங்கி நிக்குது. நான் தலைய வெச்சிருந்த எடத்துல. வெள்ளியங்கிரிக்கு வேர்த்து ஊத்துது. "ஏய்யா, உன்ற பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது"ன்னு கத்துனாரு. அவரு கத்தி நான் கேட்டதே இல்லை. உக்காந்து ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சேன். எனக்கு ஒண்ணுதான் ஓடுச்சு: கயிறு நழுவப் போகுதுன்னு இவருக்கு எப்படி முன்னாலயே தெரியும்? எதிர்பாத்துட்டு நின்னவன்தானே அவ்வளவு வெரசா ஓடி வர முடியும்?

உங்களுக்குச் சிரிப்பா இருக்குது. சிரிங்க.

கியர் ராடைக் கழட்டிட்டு மறுபடி இழுத்தோம். வந்துச்சுங்க. அழகா மேல வந்துச்சு. ஊஞ்சல் கொக்கியில எஞ்சின் தொங்கிச் சித்த ஆடுச்சு. சுத்தி வந்து பாத்தேன். பின்னால, யாரு கண்ணுக்கும் படாத மூலையில, பிராக்கெட்டுல சுத்திக் கயிறு. எண்ணெய்ல கருத்துப் போயி. நகத்துல சொரண்டுனா உள்ள மஞ்சள். அதுக்குள்ள செகப்பு நூலு. அவ சீலை நூலு. வெள்ளியங்கிரி முன்னால அழுதுட்டேன். அவரு துண்டைக் குடுத்தாரு.

அப்ப உங்க எஞ்சின்தானேன்னு கேக்கறீங்க. எண்ணெய் குடிச்ச நாயை விட்டுட்டு எதுக்க வந்த நாயை அடிக்கச் சொல்றீங்க. பொறுங்க. துண்டைப் பிரிக்கறேன். இப்பத் தொடுங்க. கயிறு எப்படி? பழசு. பிராக்கெட்டு? புத்தம் புதுசு, பெயிண்டு கூடப் போகலை. புது இரும்புல பதினஞ்சு வருசப் பழைய கயிறு எப்படிங்க வரும்? என்ற எஞ்சின்ல இருந்த கயித்தை அவுத்து, வேற எஞ்சின்ல கட்டி, என்னை ஏமாத்தியிருக்கறாங்க. அதுக்குத்தான் முடிச்சை அவுக்காம பிராக்கெட்டோட கொண்டாந்திருக்கறேன். சாட்சிங்க இது.

இன்னொண்ணு இருக்குது. அதுதான் பெரிய ஆதாரம். பைப் புடியில அவ கட்டுன முடிச்சைப் பாருங்க. பூக்கட்டற மாதிரி மூணு சுத்து, கடைசியில உள்ள விட்டு இழுத்திருப்பா. சுத்து வலப்பக்கமாச் சாயுதுங்களா? இப்ப இரும்புல இருக்கறதைப் பாருங்க. அதே மூணு சுத்து. அதே மாதிரி உள்ள விட்டு இழுத்தது. ஆனா இடப்பக்கமாச் சாயுது. தலைகீழா. கண்டுபுடிச்சுட்டனுங்க. அவளை மாதிரியே கட்டப் பாத்திருக்கறாங்க, மாறிப் போச்சு. நானே உக்காந்து கட்டிக் கட்டிப் பாத்தேன். வலது கைக்காரன் எப்படிக் கட்டுனாலும் இப்படி வராது. இடது கையில கட்டுனாத்தான் வரும். தரணி வலது கை. அப்ப மூணாவது ஆள் ஒருத்தன் இருக்கறான். இடது கைக்காரன். அவன் யாருன்னு டி.எஸ்.பி. புடிச்சு உலுக்குனா...

என்ன கேட்டீங்க?

ஆமா, வாணி இடது கைதான். அது உங்களுக்கு எப்படித் தெரியும்? யாரு சொன்னா?

நானா. எப்ப? பூக்கட்டறதைச் சொல்லும்போதா.

ஆமா, சொன்னேன்.

இருங்க. சித்த இருங்க. பேசாதீங்க.

அவ ஒர்க் ஷாப்பு வாசலையே மிதிக்க மாட்டாளுங்க. எண்ணெய் நாத்தம் ஆகாது, சின்னதுல இருந்தே. கார்ல பெட்ரோல் போட்டா மூக்கைப் பொத்திக்குவா. மார்கழியில, மசக்கையில, தண்ணி குடிச்சாலே வாந்தி எடுத்துக்கிட்டிருந்தவ. அவ போயி எஞ்சினுக்குப் பக்கத்துல உக்காந்து, எண்ணெய்ல நனைஞ்ச கயித்தை உடைஞ்ச இரும்புல இருந்து அறுக்காம அவுத்து, புது இரும்புல... மூணு சுத்து. எதுக்க அவங்கம்மா உக்காந்திருக்கற மாதிரி.

வேற எஞ்சினா இருந்தா எதுக்குங்க அவ அப்படிக் கட்டோணும்.

எனக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க. உங்க பாட்டில்தானே? வாய் வெக்காமத்தான் குடிக்கறேன்.

கோபி ஸ்டேண்டு வந்திருச்சு. ஆமா, நான் இங்கதான் எறங்கோணும். டி.எஸ்.பி. ஆபீஸுக்கு ஆட்டோ எடுக்கோணும். எழுதிக் கொண்டாந்திருக்கறேன், மேல் பாக்கெட்டுல இருக்குது. எறங்கறேன். எறங்கலாம், கூட்டம் எறங்கட்டும். பை கனமா இருக்குது. பச்சைச் சட்டை எறங்கிட்டாரு பாருங்க, அவரு டிக்கெட் எடுத்துத்தான் வந்திருக்கறாரு, கையில வெச்சிருக்கறாரு. நான் பாத்த கழுத்து தப்பாப் போச்சு.

இந்த மல்லிகைப்பூக்காரம்மாளைக் கூப்புடுங்க, ஜன்னல் உங்க பக்கந்தானே. ரெண்டு மொழம். கட்டுனது வேண்டாம்மா, உதிரி இருக்குதா? உதிரியாக் குடு. ஒருத்தி கட்டுவா.

விசாரிக்கத்தானுங்க போறேன். வேற எதுக்கும் இல்லை. என் முன்னால உக்காந்து கட்டச் சொல்லோணும், சுத்து எந்தப் பக்கம் சாயுதுன்னு பாக்கோணும். எதையும் நேருல பாக்காம நம்பக்கூடாது. விசாரணைக்குப் போனாலும் வாயும் வயிறுமா இருக்கறவ ஊட்டுக்கு வெறுங்கையோட போகக்கூடாது, அதுக்காகத்தான் பூ.

வண்டி எடுத்துட்டான். கவுந்தப்பாடி எவ்வளவு நேரங்க? அவ கதவைத் தொறக்கலைன்னா? வராதீங்கன்னு சொல்லியிருக்கறா. தெரிஞ்சா வாங்கன்னும் சொன்னா. எடுத்துட்டுப் போனது மாப்ள இல்ல, அந்த ஆடி மாசக் காச்சல்தான்னு தெரிஞ்சுதுன்னு வாசல்ல நின்னுட்டு எப்படிங்க சொல்றது?

ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன், நெசத்தைச் சொல்லோணும். வந்ததுல இருந்து இந்தப் பையவே பாத்தீங்க. எனக்கு மறந்ததை எடுத்துக் கேட்டீங்க. நீங்க வாணி அனுப்புன ஆளா? வெள்ளியங்கிரிக்குப் பண்ணுன மாதிரி, அப்பா பஸ்ஸுல வர்றாரு, பாத்துக்கங்கன்னு உங்களுக்கும் போன் பண்ணுனாளா? கோவிச்சுக்க மாட்டேன். அப்படி இருந்தா, இப்பவே ஒரு போன் போட்டு, அப்பன் வந்துக்கிட்டிருக்கறான்னு மட்டும் சொல்லிருங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

இல்லீங்களா? அவ யாருன்னே தெரியாதுங்களா?

இத்தனை பேரைச் சந்தேகப்பட்டனே. இந்த ஒண்ணாவது நெசமா இருந்திருக்கக் கூடாதா.

கண்டக்டரு பின்னால இருந்து டிக்கெட் போட்டுக்கிட்டு வர்றாரு. என்ற டிக்கெட்டு கோபியோட முடிஞ்சு போச்சுங்க. நான் கழுத்தைத் திருப்ப மாட்டேன். ஏனுங்க கண்டக்டர், இங்க வாங்க. இந்த சீட்டுல ஒருத்தன் டிக்கெட் இல்லாம வந்துக்கிட்டிருக்கறான். நான்தானுங்க. கவுந்தப்பாடி ஒண்ணு குடுங்க.